கன உலோகங்களால் ஏற்படும் மூளைப் பாதிப்பும் தாவரச் சாறுகளும்

ஈயம், பாதரசம், காட்மியம், மாங்கனீசு, ஆர்சனிக் போன்றவை உடலில் சேரும்போது மூளைக்கும் நரம்புகளுக்கும் கேடு உண்டாகிறது. இக்கேட்டைத் தாவரங்களிலிருந்து பிரித்தெடுக்கும் சாறுகளால் தடுக்கவோ குறைக்கவோ முடியுமா என்பது நஞ்சியலில் தொடர்ந்து ஆராயப்பட்டு வரும் கேள்வி ஆகும். மஞ்சள், பூண்டு, வல்லாரை, முருங்கை, கொத்தமல்லி, தேயிலை முதலியவை இவ்வாய்வுகளில் மிகுதியாக இடம்பெறுகின்றன. ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிலும் சுண்டெலிகளிலும் செய்யப்பட்டவை. மனிதர்களில் செய்யப்பட்டவை மிகச் சில.

ஆர்சனிக் கண்டிப்பாகச் சொன்னால் உலோகம் அன்று, உலோகப்போலி. அலுமினியமோ எடை குறைந்த உலோகம். எனினும் நஞ்சியல் நூல்களில் இவையும் கன உலோகங்களோடு சேர்த்தே பேசப்படுகின்றன. இக்கட்டுரை ஈயத்தை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. குழந்தைகளின் மூளையை அதிக எண்ணிக்கையில் பாதிக்கும் உலோகம் அதுவே. தாவரச் சாறுகள் குறித்து மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் கவனிக்கத்தக்கவையும் ஈயம் தொடர்பானவையே.

மூளை பாதிக்கப்படும் விதம்

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அதன் உயிரணுச் சவ்வுகளில் எளிதில் ஆக்சிசனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் நிறைந்துள்ளன. இறந்துபோன நரம்பணுக்களுக்குப் பதிலாகப் புதியவை பெரும்பாலும் உருவாவதில்லை. இம்மூன்று காரணங்களாலும் கல்லீரலோ தோலோ தாங்கிக்கொள்ளும் கேட்டை மூளையால் தாங்க முடிவதில்லை.

குருதியில் உள்ள பல நச்சுகள் மூளைக்குள் நுழையாதபடி குருதி-மூளைத் தடுப்பு காக்கிறது. கன உலோகங்கள் இத்தடுப்பை உடைத்துக்கொண்டு போவதைவிட, வேறொன்றாக வேடமிட்டுப் போவதே அதிகம். ஈய அயனி கால்சியம் அயனியைப் போல நடந்துகொள்கிறது. கால்சியம் செல்லும் வழிகளில் அது செல்கிறது. கால்சியம் அமர வேண்டிய புரதங்களில் அமர்கிறது. நரம்பிணைப்புகளில் செய்தி கடத்தப்படுவதே கால்சியத்தின் அளந்த வருகையால்தான் என்பதால், ஈயம் புகுந்த இடத்தில் அந்த ஒழுங்கு குலைகிறது. கற்றலுக்கும் நினைவுக்கும் இன்றியமையாத குளூட்டமேட்டு ஏற்பிகளில் ஒரு வகையை ஈயம் நேரடியாக முடக்குகிறது. குருதிச் சிவப்பணுக்களில் ஹீம் உருவாவதற்குத் தேவையான நொதி ஒன்றையும் அது தடுக்கிறது. ஈய நஞ்சால் குருதிச்சோகை ஏற்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

மீத்தைல் பாதரசத்தின் வேடம் இன்னும் நுட்பமானது. அது சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தோடு இணைந்து மெத்தியோனின் போலத் தோற்றம் பெறுகிறது. மூளைக்கு அமினோ அமிலங்களைக் கொண்டு செல்லும் கடத்திப் புரதம் அதை உணவு என்று எடுத்துக்கொண்டு உள்ளே விடுகிறது. சப்பானின் மினமாட்டா நகரில் 1956-ஆம் ஆண்டு அலுவல்முறையாக அறியப்பட்ட நோய் இவ்வாறு வந்ததே. தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, மீனில் திரண்டு, மீன் உண்டவர்களின் சிறுமூளையையும் பார்வைப் புறணியையும் அழித்தது. தாயிடம் அறிகுறி குறைவாக இருந்தபோதும் கருவிலிருந்த குழந்தை கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

மாங்கனீசு உடலுக்குச் சிறிதளவு தேவைப்படும் தனிமம். சுரங்கத் தொழிலாளரும் பற்றவைப்புத் தொழிலாளரும் அதன் தூசியையும் புகையையும் நெடுங்காலம் உள்ளிழுத்தால், அது மூளையின் அடிக்கருக்களில் படிந்து பார்க்கின்சன் நோயை ஒத்த நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்குகிறது. காட்மியம் வளர்ந்தவர்களின் மூளைக்குள் அவ்வளவு எளிதில் செல்வதில்லை.

வழிகள் வேறுபட்டாலும் உள்ளே நடப்பதில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவ்வுலோகங்களில் பல கந்தகத்தை நாடுபவை. உயிரணுவின் முதன்மைக் காவலரான குளூட்டாதயோனின் கந்தகத் தொகுதியைப் பற்றிக்கொண்டு அதன் இருப்பைக் குறைக்கின்றன. இழைமணிகளின் வேலை கெடுகிறது. வினைத்திறன் மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகள் பெருகிச் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கின்றன. இந்நிலை ஆக்சிசனேற்ற அழுத்தம் எனப்படுகிறது. தாவரச் சாறுகள் மீதான நம்பிக்கை முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

குழந்தைகள்

வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் வளர்ந்தவர்களின் குடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உறிஞ்சுகிறது என்றால், சிறு குழந்தைகளின் குடல் 40 முதல் 50 விழுக்காடு வரை உறிஞ்சக்கூடும். குழந்தைகள் தரையில் தவழ்கிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள். அவர்களின் குருதி-மூளைத் தடுப்பும் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை.

1979-இல் அமெரிக்க மருத்துவர் எர்பர்ட் நீடில்மேன், பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களில் இருந்த ஈயத்தை அளந்தார். நோய் அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைகளிலும், பல்லில் ஈயம் கூடக்கூட நுண்ணறிவுத் தேர்வு மதிப்பும் வகுப்பறைக் கவனமும் குறைவதை அவர் காட்டினார். ஈய நஞ்சு என்றால் வலிப்பும் மயக்கமும் என்றிருந்த கருத்தை இந்த ஆய்வு மாற்றியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் கவனத்துக்குரியதாகக் கொள்ளும் குருதி ஈய அளவு 1991-இல் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமாகவும், 2012-இல் 5 ஆகவும், 2021-இல் 3.5 ஆகவும் இறக்கப்பட்டது. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, குருதி ஈயம் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதாக யுனிசெப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது.

இருக்கும் மருந்துகளும் அவற்றின் எல்லையும்

கன உலோக நஞ்சுக்கு மருத்துவத்தில் உள்ள முதன்மைச் சிகிச்சை கொடுக்கிணைப்பு ஆகும். நண்டு தன் கொடுக்கால் பற்றுவதுபோல மருந்தின் மூலக்கூறு உலோக அயனியைப் பற்றி, சிறுநீர் வழியே வெளியேற்றும். முதலில் வந்தது டைமெர்காப்ரால். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், லூயிசைட்டு என்னும் ஆர்சனிக் கலந்த போர் நச்சுக்கு மாற்றாகப் பிரித்தானியாவில் இது உருவாக்கப்பட்டது. பின்னர் கால்சியம் சோடியம் ஈடிடிஏ, பெனிசிலமைன், வாய்வழி உட்கொள்ளும் சக்சைமர் ஆகியவை வந்தன.

இம்மருந்துகள் உயிர் காப்பவை. குருதி ஈயம் மிக உயர்ந்து மூளை வீங்கிய நிலையில் இவற்றுக்கு மாற்று இல்லை. 10 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் வாய்வழியாகவோ ஊசி வழியாகவோ கொடுக்கிணைப்புச் சிகிச்சை தர வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அதற்குக் கீழே என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குருதி ஈயம் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை இருந்த 780 குழந்தைகள், ஒன்று முதல் மூன்று வயதுக்குள் இருந்தவர்கள், இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குச் சக்சைமர், மற்றொரு குழுவுக்கு வெற்று மாத்திரை. சக்சைமர் பெற்ற குழந்தைகளின் குருதி ஈயம் விரைவாக இறங்கியது. ஆனால் மூன்றாண்டுகள் கழித்து நடத்திய தேர்வுகளில் அறிவுத்திறனிலோ நடத்தையிலோ மொழியிலோ பயன் எதுவும் தெரியவில்லை. இம்முடிவு 2001-இல் வெளியானது. அதே குழந்தைகள் ஏழு வயதை எட்டியபோது மீண்டும் சோதிக்கப்பட்டனர். 2004-இல் வெளியான அம்முடிவும் அதுவே.

குருதியிலிருந்து ஈயத்தை எடுத்துவிட்டால் மூளை மீண்டுவிடும் என்று கருத இடமில்லை என்பதை இந்த ஆய்வு காட்டியது. கேடு அதற்குள் நடந்து முடிந்திருக்கலாம். மேலும் உடலில் உள்ள ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் இருக்கிறது. குருதியில் ஈயத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு மாதம். எலும்பிலோ அது பல பத்தாண்டுகள். குருதியில் குறைந்ததை எலும்பு மீண்டும் நிரப்பும்.

மருந்துகளுக்குத் தனித் தீங்குகளும் உண்டு. டைமெர்காப்ரால் பாதரசத்தை மூளைக்குள் தள்ளக்கூடும் என்பதால் மீத்தைல் பாதரச நஞ்சுக்கு அது கொடுக்கப்படுவதில்லை. கால்சியம் கலந்த ஈடிடிஏவுக்குப் பதிலாகக் கால்சியம் அற்ற சோடியம் ஈடிடிஏ செலுத்தப்பட்டதால், குருதியில் கால்சியம் சரிந்து 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் மூவர் இறந்தனர். பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. ஈயம் ஏறாத எலிக்குட்டிகளுக்குச் சக்சைமர் கொடுத்தபோது அவற்றின் கற்கும் திறன் நீடித்துக் கெட்டதை 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே "நச்சு நீக்கம்" என்ற பெயரில் தேவையின்றி இவற்றை எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

இவ்வாறு உயர்ந்த அளவுக்கு மருந்து உண்டு, குறைந்த அளவுக்குப் பயன் தரும் மருந்து இல்லை என்ற இடைவெளியில்தான் தாவரச் சாறுகள் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தன.

சாறு எவ்வாறு பயன்படக்கூடும்

ஆய்வகத்தில் சாறு என்பது பிழிந்தெடுத்த நீர் மட்டுமன்று. உலர்த்திப் பொடித்த இலை, வேர் அல்லது விதையை நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து, கரைந்தவற்றை வடித்து, கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் பொருள் அது. நீரில் எடுத்ததும் எத்தனாலில் எடுத்ததும் ஒன்றல்ல. ஒரே செடியிலிருந்து வந்தாலும் உள்ளடக்கம் வேறு. ஆய்வுகளை ஒப்பிடுவோர் அடிக்கடி கவனிக்கத் தவறும் செய்தி இது.

சாறு முதலில் குடலிலேயே உலோகத்தைப் பற்றி, உறிஞ்சப்படாமல் கழிவோடு அனுப்பலாம். நார்ப்பொருளும் பெக்டினும் டானின்களும் இவ்வாறு செயற்படக்கூடியவை. குருதிக்குள் சென்ற சேர்மங்களில் அருகருகே இரு ஐதராக்சில் தொகுதிகள் உள்ளவையும் கந்தகம் உள்ளவையும் உலோக அயனியோடு இணைய வல்லவை. மூன்றாவதாக, பாலிபீனால்கள் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகளை நேரடியாகத் தணிக்கின்றன. நான்காவது வழியே இன்று அதிகம் பேசப்படுகிறது. சில தாவரச் சேர்மங்கள் உயிரணுவுக்குச் சிறு அதிர்ச்சி தருகின்றன. அதை எதிர்கொள்ள உயிரணு தன் மரபணு இயக்கிப் புரதம் ஒன்றைத் தூண்டி, குளூட்டாதயோனையும் காவல் நொதிகளையும் கூடுதலாகச் செய்துகொள்கிறது. அதாவது சாறு உலோகத்தோடு தானே போரிடாமல், உயிரணுவைப் போருக்கு ஆயத்தப்படுத்துகிறது.

ஒரு முரணையும் இங்கே குறிப்பிட வேண்டும். உலோகத்தைப் பற்றும் பாலிபீனால்களுக்கு ஈயம் எது, இரும்பு எது என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச் சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இரும்புக் குறைவோ குடலில் ஈய உறிஞ்சலைக் கூட்டுகிறது.

ஆராயப்பட்ட தாவரங்கள்

மஞ்சளின் குர்குமின் இத்துறையில் மிக அதிகமாக ஆராயப்பட்ட சேர்மங்களில் ஒன்று. இலக்னோவில் உள்ள தொழில் நஞ்சியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2003-இல், ஈயம் கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையில் குர்குமின் கொழுப்புச் சிதைவைக் குறைத்து, குளூட்டாதயோனை மீட்டதாகக் காட்டினர். தென்னாப்பிரிக்காவின் ரோட்சு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல், குர்குமின் ஈயத்தோடும் காட்மியத்தோடும் நேரடியாக இணைவதன் மூலமும் எலி மூளையைக் காக்கிறது என்றனர். 2007-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து, ஈயத்தால் நினைவாற்றல் குன்றிய எலிகள் குர்குமின் பெற்றபோது மேம்பட்டதாக ஆய்வு வந்தது.

இவை உண்மையான முடிவுகளே. ஆனால் குர்குமினுக்கு ஒரு பெருங்குறை உண்டு. வாய்வழி உட்கொண்டதில் மிகச் சிறு பகுதியே குருதியை அடைகிறது. அடைந்ததையும் கல்லீரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மிளகில் உள்ள பைப்பெரின் சேர்த்தால் மனிதர்களில் இது ஏறத்தாழ 20 மடங்கு கூடுவதாகப் பெங்களூரு புனித யோவான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1998-இல் காட்டினர். மஞ்சளும் மிளகும் சேர்ந்த சமையல் இதனால் அறிவியல் என்று கொண்டாடப்படுவது வழக்கம். அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட குர்குமின் 2 கிராம் என்பது அப்போது மறந்துபோகும். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு. 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். மேலும் பைப்பெரின் பிற மருந்துகளின் குருதி அளவையும் கூட்டுகிறது. வலிப்புக்குக் கொடுக்கப்படும் பெனிட்டாயின் அவற்றில் ஒன்று. குர்குமின் பல ஆய்வகச் சோதனைகளில் பொய்யான நேர்முடிவு காட்டும் இயல்புடையது என்று 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எச்சரித்தனர்.

மனிதரிடம் கவனிக்கத்தக்க முடிவு தந்தது பூண்டு. ஈரானில் கார் மின்கலத் தொழிற்சாலையில் வேலை செய்த, நீண்டகால ஈய நஞ்சுக்கு உள்ளான 117 தொழிலாளர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழு பூண்டு மாத்திரையும் மற்றது பெனிசிலமைனும் நான்கு வாரம் பெற்றது. 2012-இல் வெளியான முடிவின்படி பூண்டுக் குழுவின் சராசரிக் குருதி ஈயம் லிட்டருக்கு ஏறத்தாழ 426 மைக்ரோகிராமிலிருந்து 347 ஆகவும், பெனிசிலமைன் குழுவில் 417-லிருந்து 316 ஆகவும் இறங்கியது. பூண்டுக் குழுவில் எரிச்சல், தலைவலி போன்ற அறிகுறிகள் குறைந்தன. பக்க விளைவுகளும் குறைவாக இருந்தன. பூண்டின் கந்தகச் சேர்மங்கள் ஈயத்தைப் பற்றுவது இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. எனினும் வெற்று மாத்திரைக் குழு இதில் இல்லை. நான்கு வாரத்துக்குப் பிறகும் லிட்டருக்கு 347, அதாவது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 35 மைக்ரோகிராம் என்பது மிக உயர்ந்த அளவே. பூண்டு அதிகமாக உட்கொண்டால் குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகளின் விளைவு கூடக்கூடும்.

வல்லாரை நினைவாற்றலுக்கு உரிய கீரை என்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நெடுங்காலமாக உண்ணப்படுகிறது. அதன் முப்பெர்ப்பீன் சேர்மங்களும் பிளேவனாய்டுகளும் ஆராயப்பட்டுள்ளன. ஈய அசெட்டேட்டால் பாதிக்கப்பட்ட எலி மூளையில் வல்லாரைப் பிளேவனாய்டுகள் காவல் நொதிகளை மீட்டதாக மலேசிய மருத்துவ இதழில் 2008-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆனால் வல்லாரை வாய்க்கால் ஓரங்களிலும் ஈரச் சதுப்பிலும் படரும் செடி. மண்ணில் உள்ள உலோகத்தை வேரும் இலையும் எடுத்துக்கொள்ளும். கழிவுநீர் ஓடும் இடத்தில் பறித்த வல்லாரையால் நன்மையைவிடத் தீமையே மிகும்.

முருங்கை விதையில் நேர்மின் தன்மையுள்ள புரதம் உள்ளது. கலங்கிய நீரில் விதைப் பொடியைக் கலந்தால் மண் துகள்கள் திரண்டு அடியில் படிவது இதனால்தான். குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆய்வு, மேம்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2005-க்கும் 2007-க்கும் இடையில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆர்சனிக் ஏறிய எலிகளிலும் சுண்டெலிகளிலும் முருங்கை விதைப் பொடி ஆக்சிசனேற்ற அழுத்தத்தைக் குறைத்தது. திசுக்களில் ஆர்சனிக்கின் அளவும் குறைந்தது.

கொத்தமல்லியின் கதை எச்சரிக்கைக்கு உரியது. கொத்தமல்லித் தழை மூளையிலிருந்து பாதரசத்தையும் ஈயத்தையும் இழுத்து வெளியேற்றும் என்ற கருத்து 1990-களில் தொடங்கி இன்றும் பரவி வருகிறது. இதை ஈரானில் குழந்தைகளிடமே சோதித்தனர். ஈயத்துக்கு உள்ளான, 3 முதல் 7 வயதுள்ள 32 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கொத்தமல்லிச் சாறும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் 14 நாள் கொடுக்கப்பட்டன. குருதி ஈயம் குறைந்தது, ஆனால் இரு குழுக்களிலும் ஒரே மாதிரி. அந்நாட்களில் குழந்தைகளுக்குக் கிடைத்த மேம்பட்ட உணவே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். வெற்று மருந்துக் குழு இல்லாதிருந்தால் கொத்தமல்லி வென்றது என்றே இம்முடிவு எழுதப்பட்டிருக்கும்.

எலி ஆய்வுகளை வாசிக்கும் முறை

இத்துறையின் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. எலிகளுக்குச் சில வாரம் ஈய அசெட்டேட்டு, கூடவே சாறு. பின் மூளையை எடுத்து அரைத்து, கொழுப்புச் சிதைவின் விளைபொருளான மலோன்டையால்டிகைடு, குளூட்டாதயோன், சூப்பராக்சைடு டிசுமுட்டேசு, கேட்டலேசு, அசெட்டைல்கோலினெசுட்டரேசு ஆகியவற்றை அளப்பர். ஈயம் கெடுத்ததைச் சாறு ஓரளவு சரிசெய்தது என்பதே ஏறக்குறைய எல்லாவற்றிலும் முடிவு.

இதில் முதற்கேள்வி நேரம் பற்றியது. ஈயமும் சாறும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால், சாறு குடலிலேயே ஈயத்தைக் கட்டியிருக்கலாம். அப்போது மூளை காக்கப்பட்டது உண்மையானாலும், "மூளையைக் காக்கும் சாறு" என்ற பெயர் பொருந்தாது. ஈயம் ஏறி முடிந்த பிறகு சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளே நோயாளியின் நிலைக்கு நெருக்கமானவை. அவை எண்ணிக்கையில் குறைவு.

அளவும் அப்படியே. எலிகளுக்குக் கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் சாறு என்பது இவ்வாய்வுகளில் சாதாரணம். உடற்பரப்பின் அடிப்படையில் எலியின் அளவை மனித அளவாக மாற்ற ஏறத்தாழ 6-ஆல் வகுப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம் செறிவூட்டிய சாறு ஆகும். சமையலில் சேரும் இலையோ பொடியோ இதற்கு அருகில் வராது. எலிகளுக்குத் தரப்படும் ஈயமும் பெரும்பாலும் மனிதச் சூழலில் காணப்படுவதைவிட மிக உயர்ந்தது. ஆனால் குழந்தைகளின் இன்றைய சிக்கல் நீண்டகாலத்துக்குச் சிறுசிறு அளவில் சேரும் ஈயம்.

மூளையில் ஒரு நொதியின் அளவு திரும்பியது என்பதற்கும், குழந்தை பாடத்தில் கவனம் செலுத்துகிறது என்பதற்கும் இடையே நீண்ட தொலைவு உள்ளது. சக்சைமர் ஆய்வு அத்தொலைவைத்தான் காட்டியது. ஒரு தாவரச் சாறு அந்த அளவிலான, அறிவுத்திறனை அளக்கும் மனித ஆய்வைக் கடக்கும் வரை அதை மருந்து என்று கூற முடியாது.

உணவின் பங்கு

சாறுகளைவிட எளிய, ஆனால் உறுதியான அடிப்படை கொண்ட செய்தி ஊட்டச்சத்து பற்றியது. இரும்பை உறிஞ்சும் கடத்திப் புரதத்தின் வழியே ஈயமும் உள்ளே போகிறது. இரும்பு குறைந்தால் உடல் அப்புரதத்தை அதிகமாகச் செய்கிறது, ஈயத்துக்கும் கதவு அகலத் திறக்கிறது. கால்சியம் குறைந்தாலும் ஈய உறிஞ்சல் கூடும். வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. குருதி ஈயம் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் உள்ள, கால்சியம் அல்லது இரும்புக் குறைபாடுள்ள, பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அச்சத்துகளைக் கூடுதலாகத் தர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. கீரை, கேழ்வரகு, பால், முட்டை, நெல்லிக்காய் என்று பார்த்தால் இதற்குச் சிறப்பு மாத்திரைக் கடை தேவையில்லை. கருவுற்ற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். கருவின் எலும்புக்குக் கால்சியம் தேவைப்படும்போது தாயின் எலும்பு கரைகிறது, அதில் பல ஆண்டுகளாகத் தங்கியிருந்த ஈயமும் குருதிக்கு வருகிறது.

மூலிகையோடு வரும் உலோகம்

மூளையைக் காக்க எடுக்கும் மூலிகையே உலோகத்தைச் சுமந்து வருவதும் உண்டு. பாசுடன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2004-இல் ஆய்வு வெளியானது. இணையம் வழி வாங்கிய 193 மருந்துகளில் 20.7 விழுக்காட்டில் இவை இருந்ததாக 2008-இல் மற்றோர் ஆய்வு வந்தது. உலோகம் சேர்த்தே செய்யப்படும் இரச மருந்துகளில் இது ஏறத்தாழ 40 விழுக்காடு. மூலிகை மட்டுமே கொண்டவற்றிலும் ஏறத்தாழ 17 விழுக்காட்டில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. மூலிகை மருந்துகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கும், ஆர்சனிக் 3 பங்குக்கும், பாதரசம் 1 பங்குக்கும், காட்மியம் 0.3 பங்குக்கும் மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியாவில் கடைப்பிடிக்கப்படும் வரையறை.

பெயர்க் குழப்பமும் உண்டு. ஆயுர்வேதத்தில் நாகம் என்பது ஈயம். சித்த மருத்துவத்தில் நாகம் என்பது துத்தநாகம். ஈயம் என்ற சொல்லும் அன்றாட வழக்கில் இரண்டைக் குறிக்கிறது. இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால், அதாவது தகரம் என்னும் தனிமத்தால் செய்ய வேண்டியது. விலை மலிவுக்காகக் காரீயம் கலந்து வார்த்தால், புளிக்கரைசலின் அமிலத்தில் அது கரைந்து உணவில் சேரும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

மஞ்சளில் நடந்ததே இவற்றுள் கசப்பானது. கிழங்குக்குப் பளிச்சென்ற நிறம் தர ஈயக் குரோமேட்டு என்னும் மஞ்சள் நிறமி தேய்க்கப்படுவதை, வங்காளதேசத்தில் பணியாற்றிய சிடான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் டாக்கா வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தினரும் 2019-இல் வெளிப்படுத்தினர். 1980-களில் வெள்ளத்தால் நிறம் மங்கிய கிழங்கை விற்பதற்காக இவ்வழக்கம் தொடங்கியதாக வணிகர்கள் கூறினர். இந்தியா, பாக்கித்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த 356 மாதிரிகளைப் பற்றிய ஆய்வு 2024-இல் வெளியானது. அவற்றில் 14 விழுக்காட்டில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெசாவர் நகர மாதிரிகளில் 1000 மைக்ரோகிராமைத் தாண்டியவையும் இருந்தன. அத்தகைய தூளில் உள்ள குர்குமின் எத்தனை நல்லதாயினும் அதனுடன் வரும் ஈயத்துக்கு ஈடாகாது.

வங்காளதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் சந்தைகளில் சோதனை நடத்தி, கலப்பட மஞ்சளைப் பறிமுதல் செய்து, வணிகர்களுக்குத் தண்டம் விதித்தது. நாளிதழ்களிலும் துண்டறிக்கைகளிலும் எச்சரிக்கை வெளியிடப்பட்டது. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் காணப்பட்ட ஈயம் 2021-இல் எந்த மாதிரியிலும் காணப்படவில்லை. மஞ்சள் அரைவை ஆலைத் தொழிலாளர்களின் குருதி ஈயமும் அக்காலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.